குடியிருப்புக்கு ஆதாரம்

ஜனவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் உங்கள் தம்பியும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முட்டி வலி இப்போது எப்படி? ஆபீஸ் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து நிதானமாக ஏறுங்கள். அதிகாரிகள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் தம்பியின் முகம் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தெளிவாகத் தெரிகிறது. இதைக் கல்யாணத்துக்கு முன்பே அனுப்பியிருக்கலாம்.

இங்கே எல்லாம் பழையபடிதான். காலையில் அவர் விளக்குக் கோபுரத்தின் கண்ணாடியைத் துடைக்கிறார், எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார். மழையே இல்லாவிட்டாலும் "இல்லை" என்று எழுதுகிறார். மாதத்துக்கு ஒருமுறை நம் கரையிலிருந்து பதினான்கு மணி நேரம் ஆடி ஆடிச் சாமான் படகு வருகிறது, நாலைந்து நாள் நின்றுவிட்டுத் திரும்புகிறது. மற்ற நாளெல்லாம் மனித முகம் என்றால் எதிர்க்கரை மீசைக்காரர்தான். அவருக்கு இந்தத் தீவு இரண்டு மணி நேரம். மீன் பிடித்துவிட்டு நம் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவார்.

"எங்க ராஜா காலத்துச் சாசனத்துல இந்தத் தீவு எங்களுதுன்னு இருக்கும்மா" என்றார் போன வாரம்.

"அப்ப தண்ணி எடுக்க என்னை ஏன் கேக்குறீங்க?"

"சாசனம் ராஜாவோடது. வாளி உன்னோடதாச்சே."

தீவு எந்த நாட்டுக்கு என்று உங்கள் ஆபீஸ் நடத்தும் வழக்கை இந்த மனுஷனிடம் விட்டால் ஒரு டீயில் முடித்துவிடுவார். எனக்குக் கொஞ்ச நாளாக அடிவயிறு கனமாக இருக்கிறது. வாயுவாக இருக்கும். அடுத்த படகில் ஓமம் கொஞ்சம் அனுப்புங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 30

என் வாயாடிக்கு,

இங்கே நான் சுகம். முட்டியும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உனக்கும் தம்பிக்கும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஓமம் அனுப்பியிருக்கிறேன், கூடவே உனக்குப் பிடித்த பச்சை நிற நூலும்.

ஒரு சந்தோஷமான செய்தி. ஆவண அறையில் தூசி தின்றே என் காலம் போய்விடும் என்று நினைத்திருந்தேன், இல்லையா? இந்த வழக்கு வந்து என்னை மேலே தூக்கிவிட்டது.

விஷயம் இதுதான். நூற்றுப்பத்து வருஷத்துக்கு முன்பு அங்கே விளக்கு கட்டியது நாம், அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் மழை பதிந்து வருவதும் நாம் என்பது நம் வாதம். அதற்கெல்லாம் முன்பே ராஜா தங்கள் மீனவர்களுக்குத் தீவை எழுதிக்கொடுத்தார், கிணறு வெட்டியதே அவர்கள்தான் என்பது எதிர்த்தரப்பு வாதம். போன விசாரணையில் அவர்கள் வக்கீல் ஒரு போடு போட்டார். கப்பல் முட்டாமல் இருக்க யார் வேண்டுமானாலும் விளக்கு வைக்கலாம், அங்கே இருப்பவர் சம்பளத்துக்கு நிற்கும் ஊழியர், குடியானவர் அல்ல என்றார். நம் வக்கீல் பதில் சொல்ல அவகாசம் கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் நான் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். 'ஊழியர் மட்டுமல்ல, ஒரு குடும்பம் அங்கே இடைவிடாமல் வாழ்கிறது. மனைவி அடுப்பு மூட்டுகிறார், மிளகாய்ச் செடி வளர்க்கிறார், கொடியில் துணி காயப்போடுகிறார்' என்று. மேலதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 20 அன்று நீதிபதிகள் நேரில் பார்க்க அங்கே வருகிறார்கள். இனி நீ துவைக்கிற துணிகூட ஆதாரம், தெரிந்துகொள். நன்றாகச் சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. சாமான் படகு கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாயு இல்லை அண்ணி. மூன்று மாதமாக நிற்காமல் ரத்தம் போகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு உங்கள் தம்பியிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன். போன வாரம் கிணற்றடியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். மீசைக்காரர் பார்த்துவிட்டு மறுநாள் தன் மகளைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். உள்ளே கட்டி இருக்கிறது, கைக்குத் தட்டுப்படுகிறது. "ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்க்கா. தள்ளிப்போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். சின்னப் பெண், சொல்லும்போது அவளே அழுதுவிட்டாள்.

இந்தப் படகிலேயே ஏறிவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு போனேன். படகோட்டி கையெடுத்துக் கும்பிட்டார். "வழக்கு முடியிற வரைக்கும் பேப்பர் இல்லாம தீவுல இருந்து யாரையும் ஏத்தக் கூடாதுன்னு உத்தரவும்மா. ஏத்தினா என் வேலை போயிடும்."

ஆக, பேப்பர் வேண்டும். உங்கள் தம்பி கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. நீங்கள் நேராக மேலதிகாரி மேஜையில் வைத்தால் அடுத்த படகில் நான் வந்துவிடுவேன். உங்களைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. வேடிக்கையாகப் பேசித் தள்ளிவிடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை.

உங்கள்
வாயாடி


மார்ச் 2

என் வாயாடிக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இப்போது வலி எப்படி இருக்கிறது? சத்து மாத்திரையும் ரத்தம் கட்டுப்பட ஒரு மருந்தும் அனுப்பியிருக்கிறேன். கனமான குடத்தைத் தூக்காதே. தண்ணீரைத் தம்பி எடுக்கட்டும்.

விண்ணப்பம் வந்து சேர்ந்தது. மேலதிகாரி விசாரணைக்காக வெளிநாடு போயிருக்கிறார். இங்கே ஒவ்வொரு தாளும் நாலு மேஜை தாண்டித்தான் போக வேண்டும், உனக்குத் தெரியாததா? நான் பார்த்துக்கொள்கிறேன். நீதிபதிகள் வர இன்னும் பதினெட்டு நாள்தான். அவர்கள் வந்துபோன மறுநாளே உன்னைக் கூட்டிவர நானே ஏற்பாடு செய்கிறேன். இந்தப் பதினெட்டு நாளை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கரை ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. அங்கே சேர்க்கும்போது ஒரு படிவம் நீட்டுவார்களாம். நிரந்தர முகவரி என்ற இடத்தில் தீவின் பெயரையும் அவர்கள் மாவட்டத்தையும் அச்சடித்தே வைத்திருக்கிறார்களாம். நீ கையெழுத்துப் போட்டால், தீவில் இருப்பவர்கள் தங்கள் ஆட்கள்தான் என்று நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும். நூற்றுப்பத்து வருஷ வேலை ஒரு கையெழுத்தில் போய்விடும்.

நர்ஸ் பெண் சின்னவள் என்கிறாய். சின்னவர்கள் பயமுறுத்துவார்கள். நீயும் எதையும் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வாய்? தைரியமாக இரு.

உன் அண்ணி


மார்ச் 7

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு வராது. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அவள் நேற்று சமையலறையில் மயங்கி விழுந்தாள். அரை மணி நேரம் கண் திறக்கவில்லை. நீ அனுப்பிய மருந்தால் இரண்டு நாள் ரத்தம் நின்றது, பிறகு முன்னைவிட மோசம். உன் கடிதத்தில் 'கூட்டித்தானே சொல்வாய்' என்ற வரியைப் படித்துவிட்டு அன்றைக்கெல்லாம் பேசாமல் படுத்திருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அக்கா, அவள் உன்னிடம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். நான் அவளை மீசைக்காரர் படகில் ஏற்றிவிடலாம் என்கிறேன். அவள்தான், "அண்ணி வேண்டாம்னு எழுதியிருக்காங்க. அண்ணிக்குக் கெட்ட பேர் வந்துடும்" என்கிறாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. இன்று வரை உன் பேச்சைத் தட்டியதில்லை. விண்ணப்பம் யாரிடம் இருக்கிறது, அவர் என்ன சொன்னார், இதை மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். அவள் எழுந்து நடமாடுகிறாளா? சாப்பிடுகிறாளா? பால் மாவு நாலு டப்பா அனுப்பியிருக்கிறேன், கரைத்துக் கொடு.

நீதிபதிகள் வராதது உங்களுக்கே தெரிந்திருக்கும். எதிர்த்தரப்பு புதிதாக ஒரு பழைய வரைபடத்தைத் தாக்கல் செய்துவிட்டது. அதில் தீவு எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும், ஆனாலும் அதைப் பரிசோதிக்கக் கால அவகாசம் கொடுத்துவிட்டார்கள். பார்வையிடும் நாள் ஜூன் 20க்குத் தள்ளிப்போய்விட்டது.

மேலதிகாரி ரொம்பப் பதற்றமாக இருக்கிறார். தீவில் குடும்பம் இருப்பதுதான் நம்மிடம் மிஞ்சியிருக்கும் பலமான சான்று என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உங்கள் வசதிக்காகச் சில பொருள்கள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். நானும் சரியான நேரம் பார்த்துப் பேசத்தான் போகிறேன். அதுவரை அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. உன் உடம்பும் முக்கியம்.

அக்கா


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

முட்டி வலி தேவலையா? எனக்கு இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

படகு வந்தது. டாக்டர் வருவார் என்று தலை சீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தேன். என்ன வந்தது தெரியுமா? வெள்ளைச் சுண்ணாம்பு நாலு மூட்டை, வீட்டுக்கு அடிக்க. ஒரு புதுக் கொடிமரம். இரண்டு பூந்தொட்டி. அப்புறம் ஒரு பெட்டி நிறையக் குழந்தைகள் துணி. சட்டை, கவுன், சின்னச் சின்ன ஜட்டி. கூடவே ஒரு குறிப்பு: 'பார்வையிடும் நாளில் இவற்றைக் கொடியில் காயப்போடவும்.'

ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லாத வயிறு இது, அண்ணி. இப்போது அதே வயிற்றில்தான் கட்டி. அந்தக் கவுன்களை மடித்து மடித்து வைத்துவிட்டு உங்கள் தம்பியும் நானும் அழுதோம். பிறகு ஒரு சட்டையை அவர் தலையில் மாட்டிவிட்டுச் சிரித்தேன். சிரித்ததில் வலி பிடித்துக்கொண்டு உயிர் போய் உயிர் வந்தது.

இதை அனுப்பியவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டிருக்கிறீர்கள். பிள்ளையில்லை என்று ஊரே பேசியபோது எனக்காக ஊரோடு சண்டைக்குப் போனீர்கள். அதனால் கேட்கிறேன். விண்ணப்பத்தைக் கொடுத்தீர்களா? ஆம், இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை போதும். வேறு எதுவும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் முட்டிக்குத் தைலம் தடவிக்கொள்ளுங்கள்.

வாயாடி


மே 3

என் வாயாடிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்ற நினைப்பிலேயே நாள் போகிறது. வலி மாத்திரை இரண்டு அட்டை அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. ஆபீஸில் இரண்டு பேருக்கு அம்மை கண்டிருக்கிறது. மிளகாய்ச் செடி காய்த்ததா?

இன்னும் ஏழே வாரம். கொஞ்சம் பொறுத்துக்கொள், கண்ணே.

அண்ணி


மே 24

அண்ணிக்கு,

நீங்கள் நலமா? இதை நான் எதிர்க்கரையிலிருந்து எழுதுகிறேன். மூன்றாவது நாடு வழியாகத் தபால் போகுமாம், நர்ஸ் பெண் சொன்னாள். பெரிய ஹால், பதினாறு கட்டில். என் கட்டில் சன்னல் பக்கம். பக்கத்துக் கட்டில் அம்மா உள்நாட்டு மலைப் பக்கத்துக்காரர், கடற்கரைக்காரர்கள் மாதிரி என் பாஷை அவருக்குப் புரியாது, ஆனாலும் நான் பேசப் பேசத் தலையாட்டுகிறார். உங்களைவிட மேல், அவராவது ஆட்டுகிறார்.

மே மாதப் படகில் உங்கள் பதில் வந்தது. மிளகாய்ச் செடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் நான் கேட்டதற்குப் பதில் தெரிந்துவிட்டது. "மீசைக்காரரைக் கூப்பிடுங்க" என்று உங்கள் தம்பியிடம் நானே சொன்னேன்.

இங்கே அந்தப் படிவத்தை நீட்டினார்கள். நீங்கள் சொன்னபடியே எல்லாம் அச்சில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் உள்ளே. இல்லாவிட்டால் அந்நிய ஆள் என்று கரையிலேயே காவலில் வைத்துவிடுவார்கள். உங்கள் தம்பி பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார். நான் பேனாவை வாங்கி முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாடு, ராஜா, சாசனம், மழை எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வலி எப்போது நிற்கும் என்பது மட்டும்தான் தெரியவில்லை, அதனால் போட்டேன்.

டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டாராம். "பிப்ரவரியில வந்திருந்தா" என்று ஆரம்பித்தார். நர்ஸ் பெண் அவரை நிறுத்திவிட்டாள். உங்கள் மேல் எனக்குக் கோபம் அண்ணி. பெரிய மனசு பண்ணிக் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை. ஆனாலும் வலி வரும்போதெல்லாம் உங்களைத்தான் கூப்பிடுகிறேனாம், உங்கள் தம்பி சொல்கிறார்.

என் கையெழுத்துப் போட்ட தாள் உங்கள் மேஜைக்கு வந்தால் பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூன் 9

என் கண்ணே,

நீ எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே.

உன் தாள் வந்துவிட்டது. எதிர்த்தரப்பு அதைக் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்துவிட்டது. மேலதிகாரி என் மேஜையில் போட்டு, "இது போலிதானே? உங்க தம்பி மனைவியோட கடிதம் ஏதாவது உங்ககிட்ட இருக்குமே, கொண்டுவாங்க, ஒப்பிட்டுப் போலின்னு காட்டிடலாம்" என்றார். அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்தேன். கடைசி எழுத்தின் வாலை நீ எப்போதும்போல் இழுத்துவிட்டிருந்தாய். கடிதம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். போலி என்றும் சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் தைரியம்.

நீ கேட்ட ஒரு வார்த்தை: இல்லை. விண்ணப்பத்தை நான் கொடுக்கவே இல்லை. அது என் மேஜை இழுப்பறையில் பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. மேலதிகாரி வெளிநாட்டில் இருந்தது நாலே நாள். நீ தீவை விட்டு வந்தால் நான் எழுதிய பத்தி பொய்யாகிவிடும் என்று பயந்தேன். பதினெட்டு நாள்தானே என்று நினைத்தேன். வாயாடிதானே, கூட்டித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் கொடுக்கலாம் என்று கையில் எடுப்பேன், 'இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை' என்று கேட்பார்களே என்று திரும்ப வைத்துவிடுவேன். தள்ளத் தள்ள அந்தக் கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போனது.

நான் பாவி. நீ என்ன திட்டினாலும் தகும். பிழைத்து வந்து என் முகத்துக்கு நேராகத் திட்டு. தீவு எவனுக்கு வேண்டுமானாலும் போகட்டும். இன்றே விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த வழியிலாவது அங்கே வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுது. வேறு யாரையாவது எழுதச் சொன்னாலும் போதும்.

அண்ணி


ஜூலை 7

அக்காவுக்கு,

இந்தப் படகில் உன் கடிதம் இல்லை. இங்கே வந்துபோன ஆபீஸ் ஆட்கள் உன்னிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். நீ அவளுக்கு எழுதிய கடிதம் ஆஸ்பத்திரி போய், மீசைக்காரர் கையில் போன வாரம்தான் இங்கே வந்தது. பிரித்துப் படித்தேன்.

நீ வருவதாக எழுதிய இரண்டாம் நாள், ஜூன் 11 காலையில், அவள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. தீவுக்கே கொண்டுபோய்விடு என்று முன்பே சொல்லியிருந்தாள். மீசைக்காரரும் அவர் மகளும் நானும் கொண்டுவந்தோம். கிணற்றுக்கு மேல் பக்கம் மேட்டில் குழி வெட்டினோம். பாதிக்கு மேல் அவர்தான் வெட்டினார். ராஜாவின் சாசனத்தைப் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 20 அன்று நீதிபதிகள் வந்தார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். நம் வக்கீல் மேட்டைக் காட்டி, இது நம் ஊழியரின் மனைவி, தன் மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார், இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே ஆஸ்பத்திரித் தாளை எடுத்து, இறந்தவர் தங்கள் நாட்டுக் குடிமகள், அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே இது தங்கள் மண் என்றார். இரண்டு பேரும் மேட்டை அளந்து எழுதிக்கொண்டார்கள். நீளம், அகலம், கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று. உன் மேலதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இரண்டு நாடும் அவளைத் தங்கள் ஆள் என்று அடித்துக்கொள்கிறது, அக்கா. பிப்ரவரியில் ஒரு நாடு கேட்டிருந்தால் போதும்.

போகும்போது உன் மேலதிகாரி ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். இறந்தபோது அவள் எந்த நாட்டைச் சேர்ந்தவள், எங்கே குடியிருந்தாள், எதற்காக எதிர்க்கரைக்குப் போனாள் என்று நான் உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு மழையளவு எழுதத்தான் தெரியும்.

எழுதுவதில் கெட்டிக்காரி நீதான். தாளின் அடியில் கையெழுத்து மட்டும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே என்ன வர வேண்டுமோ, அதை நீயே எழுதிக்கொள்.

தம்பி